போஸ்ட்கிரெஸ் கிளையண்ட் செட்டிங்கில் கை வைப்பவர்களுக்கு: எஸ்எஸ்எல்மோட் முதல் பிஜிபாஸ் வரை

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒருநாள் நடுராத்திரி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரை ரீஸ்டார்ட் செய்தார்கள். புதுச் சான்றிதழ் போட்டதில் சாவி ஃபைலின் அனுமதி தப்பாகிவிட்டது, சர்வர் எழுந்திருக்கவே இல்லை. பணியில் இருந்தவர் தூக்கக் கலக்கத்தில் சர்வர் பக்கம் எஸ்எஸ்எல்லை (போகும் வரும் தகவலை என்க்ரிப்ட் செய்யும் ஏற்பாட்டை) ஆஃப் செய்து எப்படியோ எழுப்பிவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார். காலையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லா அப்ளிகேஷனும் வழக்கம்போல ஓடின, ரிப்போர்ட் வந்தது, சம்பளக் கணக்கு போனது. மூன்று வாரம் கழித்து வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது தற்செயலாக என் கண்ணில் பட்டது, ஒரு கனெக்‌ஷன்கூட என்க்ரிப்ட் ஆகவில்லை என்று.

தப்பு நடந்தது சர்வரில். மூன்று வாரம் அதை மூடி மறைத்தது கிளையண்ட். அதனால்தான் இந்தப் பதிவு முழுக்கக் கிளையண்ட் பக்கத்து ஃபைல்களைப் பற்றியது: எங்கே இருக்கின்றன, எதை மாற்றுவது, மாற்றியது வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது. சர்வர் பக்கத்தைப் பற்றி ஏகப்பட்ட பேர் எழுதிவிட்டார்கள்.

ஒரு விஷயம் முன்கூட்டியே. செட்டிங் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்பாக எழுதுகிறேன். ஃபைலில் தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள். ஃபைல் பெயர்களில் ஆரம்பத்தில் வரும் புள்ளியை விட்டுவிடாதீர்கள், அதுவும் பெயரில் ஒரு பகுதிதான்.

யாருக்கு இது பொருந்தும்

லிப்பிக்யூ என்ற சி லைப்ரரியைப் பயன்படுத்தும் எதற்கும் பொருந்தும். பிஎஸ்க்யூஎல் கட்டளை, பைத்தானின் சைக்கோபிஜி, பிஎச்பி, ரூபி, பிஜிஅட்மின் எல்லாமே உள்ளே லிப்பிக்யூதான். ஜாவாவின் ஜேடிபிசி டிரைவரும் கோ மொழியில் வழக்கமாக எடுக்கும் டிரைவர்களும் லிப்பிக்யூ இல்லாமல் தாங்களே பேசுகின்றன. எஸ்எஸ்எல்மோட் மாதிரிப் பெயர்கள் அங்கேயும் உண்டு, ஆனால் கீழே சொல்லும் ஒவ்வொன்றும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் அந்தந்த டிரைவரின் ஆவணத்தை ஒருமுறை பாருங்கள்.

அந்த எட்டு பைட்

எஸ்எஸ்எல்மோட் என்ற செட்டிங்குக்கு ஆறு மதிப்புகள்: டிஸேபிள், அலவ், ப்ரிஃபர், ரிக்வயர், வெரிஃபை-சிஏ, வெரிஃபை-ஃபுல். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ப்ரிஃபர். பெயரைக் கேட்டால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், "என்க்ரிப்‌ஷனை விரும்புகிறேன்" என்று. அது உண்மையில் செய்வதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

கனெக்‌ஷன் திறந்ததும் கிளையண்ட் முதலில் அனுப்புவது எட்டே எட்டு பைட். முதல் நான்கில் நீளம், அதாவது 8. அடுத்த நான்கில் 80877103 என்ற எண். "எஸ்எஸ்எல் பேசலாமா?" என்பது இதன் அர்த்தம். சர்வர் ஒரே ஓர் எழுத்தைத் திருப்பி அனுப்பும், எஸ் (ஆம்) அல்லது என் (இல்லை). எஸ் வந்தால் டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்லின் இன்றைய வடிவம்) கைகுலுக்கல் ஆரம்பிக்கும். என் வந்தால், ப்ரிஃபர் கிளையண்ட் "சரி, பரவாயில்லை" என்று வெறும் எழுத்தில் பேச ஆரம்பித்துவிடும். எச்சரிக்கை கிடையாது, லாக் கிடையாது. அந்த ஓர் எழுத்து பாதுகாப்பே இல்லாமல் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் எவனும் எஸ்ஸைத் தூக்கிவிட்டு என் போடலாம். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம், எங்கள் இடத்தில் போல சர்வர்க்காரரே ஆஃப் செய்தாலும் இதேதான். ப்ரிஃபர் பாதுகாப்புக் கோணத்தில் அர்த்தமே இல்லாதது, பழைய வழக்கத்துக்காகத்தான் இன்னும் இயல்பு மதிப்பாக வைத்திருக்கிறோம் என்று போஸ்ட்கிரெஸின் சொந்த ஆவணமே சொல்கிறது.

ரிக்வயர் போட்டால் என் வந்ததும் கிளையண்ட் கையை உதறிவிட்டுப் போய்விடும், அந்த அளவுக்கு நல்லது. ஆனால் எதிரே இருப்பது நம் சர்வர்தானா என்று அது பார்க்காது, யார் எந்தச் சான்றிதழை நீட்டினாலும் தலையாட்டும். பூட்டு பலமானதுதான், சாவியை யாரிடம் கொடுத்தோம் என்று மட்டும் தெரியாது. இதில் ஒரு குழப்பமும் உண்டு: ரூட் சான்றிதழ் (மற்ற சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும், நாம் நம்பும் மூலச் சான்றிதழ்) ஃபைல் அதன் வழக்கமான இடத்தில் இருந்துவிட்டால், ரிக்வயர் சொல்லாமல் கொள்ளாமல் வெரிஃபை-சிஏ மாதிரி நடந்துகொள்ளும். ஒரே செட்டிங் என் லேப்டாப்பில் ஒரு மாதிரி, உங்கள் லேப்டாப்பில் வேறு மாதிரி. இப்படி நடக்கும் செட்டிங்கை நம்பி நான் எதையும் எழுதுவதில்லை.

வெரிஃபை-சிஏ சான்றிதழை நம் ரூட் கையெழுத்திட்டதா என்று பார்க்கும். வெரிஃபை-ஃபுல் அதோடு, சான்றிதழில் உள்ள பெயரும் நாம் கூப்பிட்ட ஹோஸ்ட் பெயரும் ஒன்றா என்றும் பார்க்கும். எல்லோருக்கும் சான்றிதழ் தரும் பொதுவான நிறுவனத்தின் ரூட்டை நம்பினால் வெரிஃபை-சிஏவால் பயனே இல்லை, யார் வேண்டுமானாலும் தன் டொமைனுக்கு அங்கே ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு நடுவில் வந்து நிற்கலாம். ஆக வெரிஃபை-ஃபுல். மற்ற ஐந்தையும் மறந்துவிடலாம் என்பது என் கட்சி. சொந்தமாக ஒரு சிஏ (சான்றிதழ் தரும் அமைப்பு) வைத்துக்கொண்டு ஹோஸ்ட் பெயர் நிலையில்லாத இடங்களில் மட்டும் வெரிஃபை-சிஏவுக்கு ஒரு நியாயம் உண்டு.

முதலில் ரூட் சான்றிதழ்

வெரிஃபை-ஃபுல் போட்டுவிட்டு ரூட் இல்லாவிட்டால் கனெக்‌ஷனே கிடைக்காது, அதனால் இந்த வேலையை முதலில் முடியுங்கள். லினக்ஸ், மேக் இரண்டிலும் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் .போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற ஃபோல்டர், அதற்குள் ரூட்.சிஆர்டி என்ற ஃபைல். விண்டோஸில் ஆப்டேட்டா ரோமிங் ஃபோல்டருக்குள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல், இங்கே முன்னால் புள்ளி இல்லை.

சான்றிதழை யாரிடம் வாங்குவது? டிபிஏவிடம் (டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவர்), அல்லது கிளவுட் சேவையின் ஆவணப் பக்கத்திலிருந்து. ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையண்ட் கட்டளைக்கு போஸ்ட்கிரெஸோடு டிஎல்எஸ் பேச்சைத் தொடங்கத் தெரியும் என்பதால், சிலர் சர்வரோடே நேராகப் பேசி அது நீட்டும் சான்றிதழைப் பிடித்து அப்படியே ரூட்.சிஆர்டியில் ஒட்டிவிடுகிறார்கள். திருடனிடமே அடையாள அட்டை வாங்கிச் சரிபார்ப்பதற்குச் சமம் இது. வேறு வழியே இல்லை என்றால் ஃபிங்கர்பிரிண்டையாவது (சான்றிதழின் சுருக்க அடையாளம்) டிபிஏவுக்குப் போன் போட்டு வாசிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். எஸ்எச்ஏ256 ஃபிங்கர்பிரிண்ட் 32 ஜோடி எழுத்து, ஒரு நிமிஷம் ஆகும், கொஞ்சம் கிறுக்குத்தனமாகவும் இருக்கும், செய்யுங்கள்.

ஃபைல் கைக்கு வந்ததும் ஓபன்எஸ்எஸ்எல்லின் எக்ஸ்509 கட்டளையால் அதன் சப்ஜெக்டையும் காலாவதி தேதியையும் பார்த்து ஓரிடத்தில் குறித்துவையுங்கள், கடைசியில் வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் 16 முதல் இன்னொரு வசதியும் இருக்கிறது: எஸ்எஸ்எல்ரூட்செர்ட் என்ற செட்டிங்குக்கு ஃபைல் பாதை தராமல் சிஸ்டம் என்று மட்டும் எழுதினால், ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்கெனவே நம்பும் ரூட்களையே எடுத்துக்கொள்ளும். அப்படிச் செய்தால் எஸ்எஸ்எல்மோட் தானாகவே வெரிஃபை-ஃபுல் ஆகிவிடும், அதைவிடப் பலவீனமாக எதையாவது எழுதினால் பிழை காட்டும். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் சர்வரின் சான்றிதழ் பொதுவான நிறுவனம் கொடுத்ததாக இருந்தால் இதுவே போதும்.

சர்வீஸ் ஃபைல்

கனெக்‌ஷன் விவரங்களை ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் ஒட்டிக்கொண்டு திரிவதால்தான் ஒன்றில் ரிக்வயர், இன்னொன்றில் எதுவுமே இல்லை என்று ஆகிறது. ஒரே இடத்தில் வைக்க ஹோம் ஃபோல்டரில் .பிஜி_சர்வீஸ்.கான்ஃப் என்ற ஃபைல். ஏற்கெனவே இருந்தால் முதலில் ஒரு நகல் எடுத்துவிட்டுத் தொடுங்கள். உள்ளே இப்படி:

[கணக்கு]
ஹோஸ்ட்=டிபி1.உள்வலை
போர்ட்=5432
டிபிநேம்=கணக்கு
யூசர்=வாசகி
எஸ்எஸ்எல்மோட்=வெரிஃபை-ஃபுல்
எஸ்எஸ்எல்ரூட்செர்ட்=/ஹோம்/வாசகி/.போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/ரூட்.சிஆர்டி

இடப்பக்கம் உள்ளவை மாறாத பெயர்கள், வலப்பக்கம் உங்களுடையது. பிறகு பிஎஸ்க்யூஎல்லிடம் சர்வீஸ்=கணக்கு என்று சொன்னால் போதும், அல்லது பிஜிசர்வீஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் பெயரைப் போடலாம், அது மட்டும் பெரிய எழுத்தில்.

பார்க்க எளிமையான ஃபைல், ஆனால் இதைப் படிக்கும் நிரலுக்குப் பொறுமை கிடையாது. நம்மில் பலருக்கு சமக்குறிக்கு இருபுறமும் இடம் விட்டு எழுதும் பழக்கம் உண்டு. இங்கே விட்டால் சின்டாக்ஸ் பிழை, ஏனென்றால் "ஹோஸ்ட்" என்பதோடு அந்த வெற்றிடத்தையும் சேர்த்துப் பெயராக எடுத்துக்கொள்கிறது, அப்படி ஒரு செட்டிங் அதற்குத் தெரியாது. பிழையில் வரி எண் வரும், நீங்கள் அந்த வரியையே பத்து நிமிஷம் முறைத்துக்கொண்டிருப்பீர்கள், எல்லாம் சரியாகத்தான் தெரியும். அடுத்து, ஹேஷ் குறி போட்டுக் குறிப்பு எழுதுவதென்றால் தனி வரியில் எழுதுங்கள். வரியின் கடைசியில் எழுதினால் அதுவும் மதிப்பில் சேர்ந்துவிடும். மேற்கோள் குறியும் வேண்டாம். ஹோமைக் குறிக்கும் அலைக்குறியைப் பாதையில் போட்டால் லிப்பிக்யூ அதை விரித்துக்கொள்ளாது, ஸ்லாஷிலிருந்து முழுப் பாதை எழுத வேண்டும்.

இதையெல்லாம்விட ஆளைச் சுற்றலில் விடுவது எது எதை வெல்லும் என்பதுதான். கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் நேராக எழுதியது சர்வீஸ் ஃபைலை வெல்லும், சர்வீஸ் ஃபைல் என்விரான்மென்ட் வேரியபிளை வெல்லும், அதுவும் இல்லாவிட்டால்தான் இயல்பு மதிப்பு. அதாவது நீங்கள் ஃபைலில் அழகாக வெரிஃபை-ஃபுல் போட்டுவிட்டீர்கள், அப்ளிகேஷனின் யூஆர்எல் கடைசியில் என்றைக்கோ யாரோ ஒட்டிய எஸ்எஸ்எல்மோட்=ரிக்வயர் இருக்கிறது என்றால் ஜெயிப்பது அந்த ஒட்டுதான். ஃபைலைத் திருத்தியதும் ரிப்போ முழுக்க எஸ்எஸ்எல்மோட் என்ற சொல்லைத் தேடுங்கள். பிஜிஅட்மினில் ஒவ்வொரு சர்வரின் பாராமீட்டர்ஸ் பகுதியிலும் தனியாக ஓர் எஸ்எஸ்எல் மோட் இருக்கிறது, அங்கே ப்ரிஃபர் என்று உட்கார்ந்திருக்கும், அதையும் மாற்றுங்கள்.

இன்னொன்று, யாருடைய ஹோம் ஃபோல்டர்? உங்கள் கையால் ஓட்டும்போது உங்களுடையது. பின்னணியில் தானாக நிரல் ஓட்டும் சிஸ்டம்டியிலோ கிரானிலோ கன்டெய்னருக்குள்ளோ ஓடும்போது அந்தப் பயனரின் ஹோம், சில சமயம் அப்படி ஒன்றே இருக்காது. "என் மெஷினில் வேலை செய்கிறது" என்ற வசனம் பாதி இங்கேதான் பிறக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் பிஜிசர்வீஸ்ஃபைல் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் முழுப் பாதையைக் கொடுத்துவிடுவது நிம்மதி.

கடைசியாக, ஹோஸ்ட் எழுதாமல் விட்டால் லினக்ஸில் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் போகும், அங்கே எஸ்எஸ்எல்மோட் என்ன எழுதினாலும் கண்டுகொள்ளாது. அதே மெஷினுக்குள் என்பதால் கவலை இல்லை, ஆனால் "வெரிஃபை-ஃபுல்லோடு கனெக்ட் ஆகிவிட்டது" என்று சந்தோஷப்படாதீர்கள்.

பாஸ்வேர்ட் எங்கே போகும்

சர்வீஸ் ஃபைலிலேயே பாஸ்வேர்ட் எழுதலாம், லிப்பிக்யூ ஏற்றுக்கொள்ளும். எழுதாதீர்கள். அந்த ஃபைலைத்தான் நாளைக்கு "இதைப் போட்டுக்கோ" என்று புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அப்படியே அனுப்பப் போகிறீர்கள். பிஜிபாஸ்வேர்ட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளும் வேண்டாம், சில ஆபரேட்டிங் சிஸ்டங்களில் ரூட் அல்லாத பயனரும் பிஎஸ் கட்டளையில் அதைப் பார்த்துவிட முடியும்.

அதற்கென்றே ஹோமில் .பிஜிபாஸ் ஃபைல் இருக்கிறது. விண்டோஸில் ஆப்டேட்டாவின் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஃபோல்டரில் பிஜிபாஸ்.கான்ஃப். நோட்பேட் சேமிக்கும்போது பின்னால் .டிஎக்ஸ்டி ஒட்டிவிடும், எக்ஸ்ப்ளோரர் அதை மறைத்துவிடும், நீங்கள் ஃபைல் இருக்கிறதே இருக்கிறதே என்று புலம்புவீர்கள். ஒரு வரிக்கு ஐந்து பகுதி, நடுவில் முக்காற்புள்ளி:

டிபி1.உள்வலை:5432:கணக்கு:வாசகி:பாஸ்வேர்ட்

பாஸ்வேர்டைத் தவிர எந்தப் பகுதியிலும் நட்சத்திரக் குறி போட்டால் எதுவும் பொருந்தும். மேலிருந்து கீழே படித்து முதலில் பொருந்திய வரியோடு நின்றுவிடும், அதனால் குறிப்பான வரி மேலே, நட்சத்திர வரி கீழே. நான்கு பகுதியிலும் நட்சத்திரம் போட்ட வரி ஒன்றை மேலே வைத்துவிட்டு, கீழே புதுப்புது வரியாகச் சேர்த்துக்கொண்டே போன நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும், எதுவும் வேலை செய்யவில்லை என்று அரைநாள் போனது. பாஸ்வேர்டுக்குள்ளேயே முக்காற்புள்ளியோ பின்சாய்கோடோ இருந்தால் அதற்கு முன்னால் இன்னொரு பின்சாய்கோடு. இந்த நட்சத்திரத்தை ஹோஸ்ட் இடத்தில் போடவே வேண்டாம் என்பேன், தெரியாத சர்வர் கேட்டாலும் பாஸ்வேர்டை எடுத்து நீட்டிவிடும்.

லினக்ஸில் இந்த ஃபைலின் அனுமதி 600 ஆக இருக்க வேண்டும், சிஎச்மோட் 600. இல்லாவிட்டால் லிப்பிக்யூ ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டு ஃபைலையே ஒதுக்கிவிடும், பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும். கிரானில் அந்த எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? விண்டோஸில் இந்தச் சோதனை கிடையாது, ஃபோல்டர் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொள்கிறது. எடிட்டர் விட்டுச்செல்லும் பேக்கப் ஃபைலையும், ஆரம்பத்தில் நீங்கள் எடுத்த நகலையும் மறக்காதீர்கள், அசலுக்கு 600, நகலுக்கு 644 என்று பார்த்திருக்கிறேன்.

பாஸ்வேர்ட் என்றதும் ஞாபகம் வந்தது. பாஸ்வேர்டை மாற்ற ஆல்டர் ரோல் கட்டளையில் நேராக எழுதினால் அது ஹோமில் இருக்கும் .பிஎஸ்க்யூஎல்_ஹிஸ்டரி ஃபைலில் வெறும் எழுத்தாகத் தங்கும், சர்வர் லாகிலும் விழலாம். பிஎஸ்க்யூஎல்லுக்குள் பின்சாய்கோடு பாஸ்வேர்ட் என்ற கட்டளை இருக்கிறது, அதுவே கேட்டு வாங்கி, கலக்கிய பிறகுதான் அனுப்பும்.

இன்னும் இரண்டு வரி

சர்வர் "எனக்குப் பாஸ்வேர்டை வெறும் எழுத்தாகக் கொடு" என்று கேட்டால் லிப்பிக்யூ என்ன செய்யும் தெரியுமா? கொடுத்துவிடும். எந்த முறையில் அடையாளம் கேட்பது என்பதைத் தீர்மானிப்பது சர்வர்தான், போலிச் சர்வராக இருந்தாலும். இதை அடைக்கப் போஸ்ட்கிரெஸ் 16-இல் ரிக்வயர்_ஆத் என்ற செட்டிங் வந்தது. சர்வீஸ் ஃபைலில் ரிக்வயர்_ஆத்=ஸ்க்ராம்-எஸ்எச்ஏ-256 என்று ஒரு வரி சேர்த்தால், வேறு எந்த முறையைக் கேட்டாலும் கிளையண்ட் விலகிவிடும். ஸ்க்ராம், அதாவது பாஸ்வேர்டை அனுப்பாமலே அது தெரியும் என்று நிரூபிக்கும் முறை, 2017-இல் பதிப்பு 10-இலேயே வந்துவிட்டது, பதிப்பு 14 முதல் புது பாஸ்வேர்டுகள் இயல்பாகவே அப்படித்தான் சேமிக்கப்படுகின்றன. ஆனால் அதற்கு முன் வைத்த பாஸ்வேர்ட் பழைய எம்டி5 வடிவிலேயே தூங்கிக்கொண்டிருக்கும், சர்வரை அப்கிரேட் செய்ததால் மட்டும் மாறாது. இந்த வரியைச் சேர்த்ததும் லாகின் உதைத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். அதே பாஸ்வேர்டையே திரும்ப ஒருமுறை வைத்தாலும் போதும்.

அடுத்தது சேனல்_பைண்டிங்=ரிக்வயர், பதிப்பு 13 முதல். ஸ்க்ராம் அடையாளச் சோதனையை அந்த டிஎல்எஸ் கனெக்‌ஷனின் சான்றிதழோடு முடிச்சுப் போட்டுவிடும், நடுவில் ஒருவன் வேறு சான்றிதழோடு நின்றால் கணக்கு ஒத்துவராது. நடுவில் நீங்களே வைத்த பூலர் (கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் நிரல்) இருந்தாலும் ஒத்துவராமல் போகலாம், அப்போது இந்த வரியை எடுத்துவிடுங்கள், வெரிஃபை-ஃபுல்லை எடுக்காதீர்கள்.

கிளையண்ட் சான்றிதழ் கேட்கும் சர்வரென்றால் அதே ஃபோல்டரில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.சிஆர்டி, போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கீ இரண்டையும் வைத்து, கீ ஃபைலுக்கு 600 கொடுங்கள். அவ்வளவுதான். குறைந்தபட்ச டிஎல்எஸ் பதிப்பைத் தொட வேண்டாம், பதிப்பு 13 முதல் இயல்பாகவே 1.2.

எஸ்எஸ்எச் டனல் வழியாகப் போகிறவர்கள்

டனல் (வேறொரு மெஷின் வழியாகச் சர்வருக்குப் பாதை) போட்டதும் ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட் ஆகிவிடும், சான்றிதழிலோ டிபி1.உள்வலை என்று இருக்கும், பெயர் பொருந்தவில்லை என்று வெரிஃபை-ஃபுல் நிறுத்திவிடும். பத்தில் ஒன்பது பேர் இங்கேதான் மனசு தளர்ந்து ரிக்வயருக்கு இறங்குகிறார்கள். இறங்க வேண்டாம். ஹோஸ்ட் வரியில் சான்றிதழில் உள்ள பெயரையே விட்டுவிட்டு, ஹோஸ்ட்ஆடர் என்று இன்னொரு வரியில் 127.0.0.1 எழுதுங்கள், போர்ட்டை டனலின் போர்ட்டுக்கு மாற்றுங்கள். போவது ஹோஸ்ட்ஆடர் முகவரிக்கு, சரிபார்ப்பது ஹோஸ்ட் பெயரை. பிஜிபாஸும் ஹோஸ்ட் பெயரைத்தான் தேடும், போர்ட் மட்டும் பழையதாக இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொந்தமாக ஒரு டிஎன்எஸ் புனைபெயர் வைத்துக் கிளவுட் டேட்டாபேஸைக் கூப்பிடுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான் வரும், அங்கே ஹோஸ்ட் வரியில் சேவை கொடுத்த அசல் பெயரை எழுதிவிடுவதே சுருக்கமான வழி. நட்சத்திரச் சான்றிதழாக இருந்தால் அந்த நட்சத்திரம் ஒரு புள்ளியைத் தாண்டாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

கனெக்ட் ஆனால் போதாது

முதலில் நல்லபடியாகக் கனெக்ட் ஆகிறதா பாருங்கள். பிஎஸ்க்யூஎல் திறந்ததும் எஸ்எஸ்எல் கனெக்‌ஷன் என்று புரோட்டோகால், சைஃபர் பெயரோடு ஒரு வரி வரும். அப்ளிகேஷனுக்குள்ளிருந்து பார்க்க:

செலக்ட் எஸ்எஸ்எல், வெர்ஷன், சைஃபர் ஃப்ரம் பிஜி_ஸ்டாட்_எஸ்எஸ்எல் வேர் பிஐடி = பிஜி_பேக்எண்ட்_பிஐடி();

உண்மை என்பதற்கு டி என்ற எழுத்து வந்தால் சந்தோஷம். ஆனால் நடுவில் பிஜிபவுன்சர் என்ற பூலர் இருந்தால் இந்த வரி சொல்வது பவுன்சருக்கும் சர்வருக்கும் நடுவே உள்ள பாதியைத்தான். உங்களுக்கும் பவுன்சருக்கும் நடுவே உள்ளது தனி, அதன் கிளையண்ட் பக்க டிஎல்எஸ் இயல்பாக ஆஃபில் இருக்கும், அதைப் பவுன்சரின் ஃபைலில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

எஸ்எஸ்எல் இருக்கிறது என்பதைத்தான் இது நிரூபிக்கும். நீங்கள் போட்ட காவல் வேலை செய்கிறதா என்று தெரிய, வேண்டுமென்றே உடைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், மூன்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆகாது.

ஹோஸ்ட் வரியில் பெயருக்குப் பதில் சர்வரின் ஐபியைப் போட்டுக் கூப்பிடுங்கள். சான்றிதழில் ஐபி எழுதப்படாதவரை, பெயர் பொருந்தவில்லை என்று நிற்க வேண்டும். நிற்காமல் உள்ளே விட்டால் உங்கள் வெரிஃபை-ஃபுல்லை எங்கோ வேறொரு செட்டிங் மிதித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் எஸ்எஸ்எல்ரூட்செர்ட் பாதையைச் சம்பந்தமே இல்லாத வேறொரு ரூட் சான்றிதழுக்குத் திருப்புங்கள், சரிபார்ப்பு தோற்றது என்று வர வேண்டும். மூன்றாவதுதான் எங்கள் நடுராத்திரிக் கதை: லேப்டாப்பில் டாக்கரில் ஒரு வெறும் போஸ்ட்கிரெஸ் இமேஜை ஏற்றுங்கள், அதில் எஸ்எஸ்எல் இயல்பாகவே கிடையாது. அதே செட்டிங்கோடு அதைக் கூப்பிட்டால், சர்வருக்கு எஸ்எஸ்எல் தெரியவில்லை ஆனால் நீ கட்டாயம் என்றாயே என்று பிழை வர வேண்டும். அந்தப் பிழை வந்த அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றையும் முடித்தபின் வரிகளைப் பழையபடி திருப்பிவைக்க மறக்க வேண்டாம்.

ரூட் ஃபைல் கிடைக்கவில்லை என்று வரும் பிழைச் செய்தியை மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் படியுங்கள். ஃபைலைக் கொடு, அல்லது சிஸ்டம் ரூட்டைப் பயன்படுத்து, அல்லது சரிபார்க்காதபடி எஸ்எஸ்எல்மோடை மாற்று என்று மூன்று வழி சொல்லும். மூன்றாவதுதான் கைக்கு எளிதாக இருக்கும், அவசரத்தில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

தேதி

ஆரம்பத்தில் குறித்துவைக்கச் சொன்ன காலாவதி தேதி இப்போது. வெரிஃபை-ஃபுல் போட்ட பிறகு சான்றிதழ் காலாவதியானால் சமாதானமெல்லாம் கிடையாது, எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். அமேசான் ஆர்டிஎஸ்ஸின் 2019 ரூட் சான்றிதழ்கள் 2024 ஆகஸ்டில் முடிந்தபோது அதை நம்பியிருந்த எல்லோரும் அதற்குள் புது ரூட்டுக்கு மாற வேண்டியிருந்தது. ரூட்.சிஆர்டி ஃபைலில் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றிதழ்களை ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிவைக்கலாம், எதில் பொருந்தினாலும் சரி. அதனால் புது ரூட் கிடைத்ததும் பழையதன் கீழேயே ஒட்டி எல்லா மெஷினுக்கும் முதலில் அனுப்பிவிடுங்கள், சர்வரை அவர்கள் தங்களுக்கு வசதியான நாளில் மாற்றிக்கொள்ளட்டும், எல்லாம் மாறிய பிறகு பழையதை நீக்குங்கள். நான் முடியும் தேதிக்கு 45 நாள் முன்னால் மொபைல் காலண்டரில் போட்டுவைத்திருக்கிறேன், என் பெயரில் ஒன்று, டிபிஏ பெயரில் ஒன்று. அவர் முதல் தடவை அழைப்பை டிக்லைன் செய்தார், திரும்ப அனுப்பினேன்.